வாசல் சுவரில் வாளிச் சின்னம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்பில் குறையில்லை, மனசுதான் சரியில்லை. இது முழுக்க என் கையால் எழுதுவது, வரி கோணலாகப் போனால் அது இந்த பெஞ்சின் குற்றம். அறக்கட்டளைகளைப் பதிவு செய்யும் அலுவலகத்து வராந்தாவில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே எங்கள் டீச்சரம்மாவை விசாரிக்கிறார்கள். எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர அவர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் வகுப்பை மூடிவிடுவார்களோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்த ஊரில் எங்களுக்கு வேறு வகுப்பு கிடையாது, அம்மா இன்னும் தன் பெயரைத் தாண்டவில்லை.

வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. வருகிற வழியில் முழுசாக வாசிக்க முடிந்த ஒரு வரியை வாசல் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கடைப் பலகையோ பஸ்ஸின் பெயரோ எதுவானாலும் சரி. இப்போது தேர்தல் நேரம், தெரு முழுக்க வாளிச் சின்னத்துக்காரரின் போஸ்டர், ஒவ்வோர் எழுத்தும் பூசணிக்காய் பருமன். வாளிக்கே உங்கள் ஓட்டு என்று முதலில் எழுதியவன் நான்தான், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே எழுதினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்த மனிதரைத் தினமும் திட்டுகிற உன் அம்மாவும் நான் எழுதியதைப் பார்த்துப் பாதி எழுதினாள். டீச்சரம்மா அன்று வெளியூரில் இருந்தார், மறுநாள் பார்த்ததும் முகம் வெளுத்து, தானே ஈரத்துணியால் அழித்தார். அதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் படம் பிடித்துப் புகார் கொடுத்துவிட்டார்கள்.

போன வருடம் தெருவிளக்கு கேட்டு இதே சுவரில் எழுதினோமே, அப்போது யாரும் வரவில்லையே என்று எங்கள் வக்கீலிடம் கேட்டேன். "விளக்கு கேளுங்க, சட்டத்தையே மாத்தச் சொல்லுங்க, அதெல்லாம் செய்யலாம். இவருக்கு ஓட்டுப் போடுன்னு மட்டும் அறக்கட்டளை சொல்லக் கூடாது. உங்க வீட்டுச் சுவர்ல எழுதிக்குங்க, யார் கேக்கப் போறா" என்றார். அதே கை, அதே சாக்பீஸ், சுவர் மாறினால் குற்றமாம்.

இப்போது பெரிய சிக்கல் டீச்சரம்மாதான். "வயசானவங்களைக் கோர்ட்டுல நிக்க வைக்க மாட்டேன், நான் சொல்லித்தான் எழுதினாங்கன்னு சொல்லிடறேன்" என்று பிடிவாதமாக உள்ளே போய்விட்டார். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். டீச்சரம்மா சொல்லி எழுதியது என்றால் அறக்கட்டளையே எழுதிய மாதிரி, பதிவு ரத்து. நாங்களாக எழுதினோம், பார்த்தவுடன் அவர் அழித்தார் என்றால் எச்சரிக்கையோடு விடக்கூடும். எழுதியவன் நான், என்னையும் விசாரியுங்கள் என்று பியூனிடம் சொல்லி அனுப்பினேன். அவர் போய்விட்டு வந்து, "பெரியவரே, டீச்சரைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களா, உங்களுக்கு நிஜமாவே எழுதத் தெரியுமான்னு ஐயா கேக்கறார்" என்றார். என்னை இந்த வயதில் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. "போஸ்டரைப் பாத்துத்தானே எழுதுனீங்க, பாக்காம எழுதச் சொன்னா என்ன செய்வீங்க" என்று அம்மா வேறு கேட்கிறாள்.

அதனால்தான் எதையும் பார்க்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையே அதிகாரியிடம் நீட்டப்போகிறேன். வீட்டு விஷயத்தை அந்நியர் வாசிக்கிறாரே என்று கோபித்துக்கொள்ளாதே. அவர் திருப்பிக் கொடுத்தால் தபாலில் போடுகிறேன். கொடுக்காமல் கோப்பில் வைத்துக்கொண்டாலும், அவர் நம்பினால் போதும், உனக்கு வேறு கடிதம் எழுதுவேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் அலையாதே. பதில் போடும்போது பெரிய எழுத்தில் எழுது. கதவு திறக்கிறது, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
இதை எழுதியவன் நானே,
உன் அப்பா