உப்புமிளகாயும் மூன்றாம் மாடிக் கயிறும்

இன்று காலை உன் பால்கனியிலிருந்து மறுபடி கயிறு இறங்கியது. நுனியில் அதே பித்தளை மணி. உன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பர்மியப் பெண்மணி, நம் ரங்கூன் தெருவில் மீன்குழம்புச் சேமியா விற்றுப் போன மொஹிங்காக்காரியைக் கூப்பிட அதை இறக்கியிருந்தாள். மணிச் சத்தம் கேட்டதும் என் கை தானாகச் சின்னக் கிண்ணத்தைத் தேடியது. அப்புறம்தான், நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது என்று உறைத்தது. அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். அழுதால் உனக்குப் பிடிக்காது, தெரியும்.

மூன்றாம் மாடியில் உன் தையல் மெஷினும் கீழ்த்தளத்தில் என் அடுப்புமாக எத்தனை வருஷம் இருந்தோம்! கொரோனா வந்து போனபோது என் உயிரை விட்டுவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டு போனது. உப்பு, புளி, காரம் நாக்குக்குத் தெரியும். வாசம் மட்டும் துளி கிடையாது. வீடுகளுக்கு அடுக்குச் சட்டியில் சாப்பாடு அனுப்பிப் பிழைக்கிறவளுக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்? தாளிப்பு கருகுவதுகூடத் தெரியாமல் தடுமாறினேன். தொழிலை நிறுத்தப் போகிறேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். “சரி, நிறுத்து. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் என்கூட வா” என்றாய்.

விளக்குப் பண்டிகை முடிந்து மழை ஓய்ந்திருந்த வாரம் அது. ஷான் மலையில், டௌஞ்சிக்குப் பக்கத்தில், ஒயினுக்காகவே திராட்சை போடுகிறார்கள் என்று யாரோ உன் காதில் போட்டிருந்தார்கள். நம் இரண்டு பேர் வம்சத்திலும் ஒயினை யாரும் கண்ணால் கண்டதில்லை. நீயோ ஒரு பாட்டில் நிறைய உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து பையில் வைத்துக்கொண்டாய். கொடியிலிருந்து பறித்து அங்கேயே தொட்டுத் தின்ன வேண்டுமாம். மாங்காயோ கொய்யாவோ, உப்புமிளகாய் இல்லாமல் பழம் தின்னத் தெரியாத ஊர்க்காரிகள் நாம். திராட்சைக்கு மட்டும் விலக்கா?

போய் இறங்கினால் தோட்டத்தில் ஒரு பழம் கிடையாது. மொட்டையடித்த கொடிகள்தான் வரிசை வரிசையாக நின்றன. “இப்பதான் கிளை வெட்டினோம். பழம் பிப்ரவரியிலதான்” என்று அங்கே வேலை செய்த ஷான் பெண் பர்மியில் சொன்னாள். நீ பாட்டிலைத் தூக்கிக் காட்டினாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானாக இருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். நீ அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டு, “சரி, கொய்யா எங்க கிடைக்கும்?” என்று அவளிடமே கேட்டு வாங்கி வந்தாய். வெட்கம் என்ற ஒன்றை உனக்குக் கொடுக்க ஆண்டவன் மறந்தே போனான். அதை நான் எத்தனை பொறாமையோடு பார்த்திருக்கிறேன், தெரியுமா?

அந்த இரண்டு நாளும் நாம் ஒன்றுமே செய்யவில்லை. விடுதி வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் பனி தோட்டத்தை மூடியிருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொரு வரிசையாக வெளியே வரும். எதிர்ச் சரிவெல்லாம் மஞ்சள் பூ. இன்லே ஏரிக்குப் போகலாமே என்றேன். “ஏரி எங்கடீ ஓடிப்போகுது? உக்காரு” என்றாய். ரங்கூனில் கரண்ட் வருகிற நேரத்துக்கெல்லாம் எழுந்து மோட்டார் போட்டே பழகிய எனக்கு, சும்மா இருப்பதற்கே பாதி நாள் பிடித்தது.

சாயங்காலம் ஒயினை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். கோப்பையைச் சுழற்றி முதலில் முகர வேண்டும் என்று அந்தப் பெண் செய்து காட்டினாள். பூ வாசம் வரும், பழ வாசம் வரும் என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடி முகர்ந்தார்கள். நானும் முகர்ந்தேன். வெறும் காற்று. அத்தனை பேர் நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ என் கோப்பையைப் பிடுங்கி அதற்குள் மூக்கை விட்டாய். “அம்மாடியோ, பூவாவது பழமாவது! புளியக் கரைச்சு வெச்சு மறந்துட்டு, மறுநாள் மூடியத் தொறந்தா வருமே, அதுடீ. கூடக் கொஞ்சம் உங்கம்மாவோட மரப்பெட்டி.”

என் அம்மாவின் மரப்பெட்டி! மடித்த சேலையும் அந்துருண்டையும் பழைய மரமுமாக அந்த வாசம் எங்கிருந்தோ எழுந்து வந்தது. மூக்கில் வரவில்லை. ஆனால் வந்தது. அடுத்த கோப்பையை முகர்ந்து, “இது மழையில நனைஞ்ச கோயில் வாசல் செருப்பு” என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன், பல மாதத்துக்குப் பிறகு. நீ கொய்யாத் துண்டை உப்புமிளகாயில் அழுத்தி என் வாயில் வைத்தாய். சுரீரென்றது.

“நாக்கு இருக்குல்ல? மூக்குக்கு நான் இருக்கேன். இனி நிறுத்துறேன் கிறுத்துறேன்னு சொல்லாத.”

சொன்னபடி இருந்தாய். தினமும் காலையில் இறங்கி வந்து குழம்பை முகர்வாய். நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் வெறுமனே சொன்னதில்லை, எதைப் போல இருக்கிறது என்றுதான் சொல்வாய். கால் வீங்கி இறங்க முடியாமல் போனதும் கயிற்றை இறக்கி மணியை ஆட்டினாய். கிண்ணத்தைக் கட்டிவிடுவேன். “ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு, வெந்தயத்தக் கருக்கிட்டே!” என்று மேலிருந்து தீர்ப்பு வரும். தெரு அதை வேடிக்கை என்றே நினைத்தது. கடைசி வாரத்தில் உன் மகள் கயிற்றை இழுக்க, நீ படுத்தபடியே முகர்ந்தாய். உன்னைப் போல ஒருத்தி கிடைக்க நான் எந்தக் கோயிலில் என்ன வேண்டினேனோ.

உனக்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. சமையல்காரிக்கு மூக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஞாபகத்தை வைத்தே சமைத்தேன். ஒவ்வொரு வீடாகச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். இந்த மாதத்தோடு போதும் என்று முடிவும் செய்துவிட்டேன். அடுப்புக்கு மேலே உன் உப்புமிளகாய் பாட்டில், தீரத் தீர நான் நிரப்பி வைப்பது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்று காலை அந்த மணியும் அடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். சாம்பார்க் கிண்ணத்தை மூடிக் கயிற்றில் கட்டினேன். “எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க! மோந்து பாத்து எதை மாதிரி இருக்குன்னு சொல்லுங்க!” என்று அண்ணாந்து பர்மியில் கத்தினேன். மொஹிங்காக்காரி உட்படத் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன். அந்த நிற்பு என்னுடையதில்லை, நீ விட்டுப்போனது.

கயிறு ஆடி ஆடி மேலே ஏறியது. பிறகு அவள் தலை எட்டிப் பார்த்தது. “எங்கம்மா வைக்கிற பருப்பு மாதிரியே இருக்கு!” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

பாவம், பாராட்டினாள். பர்மிக்காரி அம்மா வைக்கிற பருப்பில் பெருங்காயம் ஏது? அப்படியானால் என் சாம்பாரிலும் அது விட்டுப்போயிருக்கிறது. உள்ளே ஓடிப்போய்ப் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினேன். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கயிற்றை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.