பூட்டு நட்டு

மெர்ல்,

இந்தக் காலத்தில் திருடர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய காரின் சக்கரத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. அதனால்தான் நம் கார் சக்கரங்களுக்குத் தனிச் சாவி இல்லாமல் கழற்ற முடியாத பூட்டு நட்டு போட்டேன். அதன் சாவியையும் எவனும் எடுத்துவிடக் கூடாதென்று கொட்டகையில் ஒளித்து வைத்தேன்.

வியாழக்கிழமை ஹாக்கர் ஊருக்குப் போகும் செம்மண் சாலையில் டயர் வெடித்து, சாவி இல்லாமல் சக்கரம் மாற்ற முடியாமல் நீ நாலு மணி நேரம் வெயிலில் கிடந்ததும், டயாலிசிஸ் தவறியதும் என்னால்தான். கடைசியில் வந்த லாரிக்காரன், "உன் வீட்டுக்காரர் சக்கரத்துக்குள்ள தங்கமா வச்சிருக்காரு, கிழவி?" என்று கேட்டானாமே. அதைச் சொன்னபிறகு நீ என்னோடு பேசவில்லை.

நாலு சக்கரத்திலும் சாதா நட்டு மாட்டிவிட்டேன். இன்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பண்ணை டூகல் உன்னோடு வருவான். உப்பில்லாமல் வேகவைத்த ஆட்டுக்கறி சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது.

உன் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, பார்த்தேன்.

சக்கரத்தைத் திருடத்தான் போகிறார்கள். நான் வேலி பார்க்கப் போகிறேன்.

கிளாரி