சிதறுகாய்த் தொட்டியில் விழுந்த விருது

அக்கா,

இன்று காலை அண்ணா, அதான் உங்கள் வீட்டுக்காரர், ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில் வைத்தார். உள்ளே பஞ்சில் புதைத்த கண்ணாடிக் கோபுரம். அதில் உங்கள் பெயர். பதினைந்து ஆண்டு விசுவாசமான பணிக்கு நன்றி என்று கீழே ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். நீங்கள் போன செய்தி, நீங்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் ஏதோ ஓர் அறைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"ஷோகேஸ்ல வெக்கலாம்னு பாக்கறேன். நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

கண்ணாடியைத் தொட்டதும் வலது உள்ளங்கை சுருக்கென்றது.

பத்தாம் ஆண்டுக்கு வந்த முதல் கோபுரம் உங்கள் வீட்டில் ஷோகேஸுக்குப் போகவில்லை. பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டீர்கள். நான் சிரித்தேன். "சிரிக்காத அம்மிணி, சோறு போடற எடம்," என்றீர்கள். பனிப்புயலில் மின்சாரம் போன அன்று நியூஜெர்சியே கதவடைத்துக் கிடந்தபோது, நீங்கள் காரை உருட்டிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டிகளைக் காப்பாற்றினீர்கள். அதற்காகத்தான் உங்களை மேடைக்குக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடியைக் கொடுத்தார்கள்.

அண்ணாவுக்கு அப்போது வேலை போயிருந்தது. வீட்டுக் கடனும் அரிசி பருப்பும் உங்கள் சம்பளத்தில்தான். நீங்கள் வேலையில் இருக்கும்வரை உங்கள் மகளுக்கு அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. அந்த ஒரு சலுகை உங்கள் வாயைத் தைத்து வைத்திருந்தது.

பிறகு உங்களுடைய அதே பதவியில் இன்னொருவனையும் சேர்த்தார்கள். துறை அலுவலகத்தில் எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதிலிருந்து நீங்கள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். சாப்பாட்டு மேசையில் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது அவன் வெள்ளந்தியாகத் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டான். உங்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

அன்று சாயங்காலம் புருவத்துக்கு மேலே ரத்தம் வழிய என் வீட்டுக்குள் வந்தீர்கள். நான் மஞ்சள் பொடியை எடுத்து அழுத்தினேன். அந்தச் சம்பள வித்தியாசத்தைத் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

"அவன் குடும்பத்தக் காப்பாத்தறவனாமா அம்மிணி. நானு பொழுது போகாம வாறனாமா. நாமெல்லாம் ஒரே குடும்பம், இப்படிக் கணக்குப் பாக்கலாமான்னு அந்தத் தலைவன் கேட்டான். அப்ப அந்தக் குடும்பத்துல எனக்கு மட்டும் ஏன் கொறச்சல்னேன். காப்பிக் கோப்பையத் தூக்கிச் செவுத்துல வீசுனான்."

கோப்பை சுவரில் வெடித்து, சில் உங்கள் நெற்றியைக் கிழித்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டதாகச் சொல்லிவிடு என்று அவர் சொன்னாராம். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் காலிலாவது குத்திவிடும் என்று, அவர் உடைத்ததை நீங்களே கூட்டி அள்ளிவிட்டு வந்தீர்களாம். நெற்றிக் காயத்தைவிட அதுதான் உங்களுக்கு வலித்தது.

அண்ணா தேடிக்கொண்டு வந்தார். "உன்ன யாரு போய்க் கேக்கச் சொன்னா? பாப்பா படிப்புக்கு எவன் கட்டுவான்?" என்று கத்தியபடியே கை ஓங்கினார். காயம் பட்ட பக்கமே விழுந்தது அடி. மஞ்சளும் ரத்தமும் என் குளிர்பெட்டிக் கதவில் தெறித்தன.

எனக்கு என்ன வந்ததோ, அடுப்பிலிருந்த தோசைக் கரண்டியோடு நடுவில் போய் நின்றேன். "அண்ணா, இன்னொரு அடி விழுந்துச்சுன்னா இந்தச் சூடு உங்க கன்னத்துல இருக்கும்."

அவர் பின்வாங்கினார். வாசலில் நின்ற உங்கள் மகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "அம்மா, ஐ வில் டிரான்ஸ்ஃபர். ஐ டோண்ட் வாண்ட் தேர் ஃப்ரீ காலேஜ்," என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "தோசை கருகுது, அடுப்ப அமத்து," என்றீர்கள்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு டிரைவ் பண்ணச் சொன்னீர்கள். கார் நிறுத்துமிடத்தில் ஓடு தெறிக்கக் கூடாதென்று நம் கோயிலில் சிதறுகாய்க்கு ஓர் இரும்புத் தொட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா? பையிலிருந்து நீங்கள் எடுத்தது தேங்காய் இல்லை. குங்குமம் அழியாத அந்தக் கண்ணாடிக் கோபுரம். ஓங்கி அடித்தீர்கள். உடையாமல் துள்ளியது. எடுத்து மறுபடி அடித்தீர்கள். மூன்றாவது அடிக்கு, தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தோடு, தொட்டியே அதிர அது பிளந்தது.

குருக்கள் ஓடிவந்தார். "ஏம்மா, இது தேங்காய் இல்லையே!"

"தெரியுமுங்க சாமி. பாருங்க, உள்ள ஒண்ணுமேயில்ல."

வெறுங்காலோடு நடக்கும் இடம். நான் துடைப்பத்துக்குப் போனேன். "இன்னிக்கு நீ கூட்டு அம்மிணி. நானு கூட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தீர்கள். கிழிந்த புருவத்தோடு பல்கலைக்கழக மேலிடத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தீர்கள். சம்பளம், கோப்பை, இரண்டையும்.

அடுத்த எட்டு மாதங்களுக்கு, உடன் வேலை பார்த்த பெண்களே விசுவாசமில்லாதவள் என்று உங்களோடு சாப்பிட உட்காரவில்லை. பிறகு சம்பளம் சமமானது. பழைய வருடங்களுக்கு ஒரு காசு வரவில்லை. கோப்பை வீசியவர் தலைவர் பதவியை மட்டும் இழந்தார். உங்கள் மகள் அங்கேயே படித்து முடித்தாள். ஒதுங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக உங்களிடம் வந்து, எப்படிக் கேட்பது என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

போன மாசியில் பனி உறைந்த ஃப்ரீவேயில் ஒரு லாரி உங்கள் காரை நசுக்கியபோதும் நீங்கள் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று பிள்ளையாரிடம் இன்னும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எதற்குப் போனது என்று தெரியாமல் வீட்டுக் கணக்கில் இதரச் செலவு என்று ஒரு வரிகூட எழுதாதவள் நான். உங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவேன்?

அன்று கூட்டும்போது உள்ளங்கையில் ஏறிய சில்லை டாக்டர் எடுத்தார். ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டது. சப்பாத்தி மாவு பிசையும்போதெல்லாம் குத்தும். எடுத்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் விடவில்லை.

அண்ணா இன்னும் ஷோகேஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். "கார எடுங்க அண்ணா. கோயிலுக்குப் போகணும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியை எடுத்தார். துடைப்பத்தையும் காரில் போடச் சொல்லியிருக்கிறேன், அக்கா. உடைப்பது நான். இன்று அவர் கூட்டட்டும்.