டாக்டர் கேட்டதை உன்னிடம் கேட்கவில்லை

என் ஆசை அம்மாவுக்கு,

வண்டிப்பெரியாரில் மூன்று நாளாக விடாத மழை. எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. புதன்கிழமை சித்திக்கும் முதுகுத்தண்டில் ஆபரேஷன். அவளும் உன்னைப் போலத் தேயிலைக் கொழுந்து சுமந்தே முதுகு போனவள்தானே. துணைக்கு நான்தான் வர வேண்டுமாம். "நீதான மலையாளம் படிச்சவன், நீ வந்தாத்தான்யா எனக்குத் தெம்பு" என்கிறாள்.

உனக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை நினைவிருக்கிறதா? கால் மதமதவென்று இருக்கிறது என்றாய். டாக்டர் மலையாளத்தில் என்னிடம், சிறுநீர் போகிற இடத்தில் தொட்டால் தெரிகிறதா, முட்டுகிற உணர்வு இருக்கிறதா, அம்மாவிடம் கேட்டுச் சொல் என்றார். பெற்ற தாயிடம் அதை எப்படிக் கேட்பது? சுற்றிலும் ஆட்கள் வேறு. உன் பக்கம் திரும்பி, "வலி இருக்காம்மா?" என்றேன். நீ தலையை ஆட்டி இல்லை என்றாய். ஒரு பிரச்சினையும் இல்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் உன் அடிவயிறு வீங்கிய பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை நெரித்திருந்ததாம். மறுபடி ஆபரேஷன். "நேற்றே தெரிந்திருந்தால்..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. அப்புறம் உன் பாதம் தரையில் இழுபட்டது. இரண்டு வருடம் டியூப்பும் சிறுநீர்ப் பையுமாகக் கிடந்தாய். கடைசியில் சிறுநீரகத்தில் கிருமி ஏறிப் போய்ச் சேர்ந்தாய்.

யாரிடமும் சொல்லாததை ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் சொன்னேன். அவள் அதிரவே இல்லை. "அவளுக்கு அன்னைக்கே வெளங்கிருச்சுய்யா. நாப்பது வருசமா இங்க கெடக்குறோம், பேச வராட்டியும் டாக்டர் கேட்டது புரியாதா? புள்ள மொகத்தப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டா."

அப்படியா அம்மா? என் வெட்கத்தைக் காப்பாற்றவா உன் காலைக் கொடுத்தாய்? எனக்கு அழுகை வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பையை நான்தானே தினமும் மாற்றினேன். அப்போது நம் இரண்டு பேர் வெட்கமும் எங்கே போனது?

நேற்று எஸ்டேட் லயத்து வீட்டில் சித்தியை உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தேன். "சித்தி, ஒண்ணுக்குப் போற எடத்துல தொட்டாத் தெரியுதா?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கேக்குறான் பாரு கேள்வி" என்று சிரித்தாள். பிறகு, "தெரியுதுய்யா" என்றாள்.

அவ்வளவு நேரம்தான் ஆனது அம்மா.

ஆபரேஷன் முடிந்த பிறகும் தினமும் கேட்பேன், வார்டே திரும்பிப் பார்த்தாலும். அவள் வாயால் சொல்லாத எதையும் டாக்டரிடம் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் கேட்காமல் போன
உன் மகன்