அப்பாவின் இரத்தமும் சோற்றை விலக்கியது

திருமுல்லைவாயில்,
3.11.1996

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. மாசிலாமணீசுவரர் திருவருளால் நான் நலமே. கடல் கடந்து கனடாவில் வாழும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் அவ்வருளே துணைநிற்க நாள்தோறும் கொடியிடைநாயகி சந்நிதியில் நின்று வேண்டுகிறேன்.

உன் கடிதம் கண்டேன். வயிற்று உபாதைக்காக யாரோ மாற்று வைத்தியர் ஒருவரிடம் இரத்தம் கொடுத்துச் சோதித்ததாகவும், அரிசி, கோதுமை, துவரை, பால், புளி என்று அவர் ஆகாதெனச் சொன்ன யாவற்றையும் விலக்கிவிட்டதாகவும், உடல் இளைத்து வளை கையில் நில்லாமல் கழல்வதாகவும் எழுதியிருந்தாய். அதனினும் என்னை வாட்டியது, நம் வீட்டில் உனக்கு உண்ணத்தக்கது ஒன்றும் இல்லாமையால் தைக்கு வரப்போவதில்லை என்ற வரி. உன் அம்மா மறைந்தபின் இந்த வீட்டில் இரண்டாவது இலை போடுவது நீ வரும்போது மட்டுமே மகளே.

உன் பிணி இன்னதென்று அறியும் ஆவலில், அம்பத்தூரில் ஒரு மாடியில் அதே சோதனை செய்வதாகப் பலகை கண்டு நானும் ஏறி இரத்தம் கொடுத்தேன். அங்கிருந்தவர், பெரியவரே, மன்சன் பொய் சொல்லுவான், ரத்தம் பொய் சொல்லவே சொல்லாது என்றார். வந்த முடிவோ உன்னுடையதைப் பார்த்து எழுதியது போல அதே அரிசி, அதே கோதுமை, அதே துவரை, அதே பால், அதே புளி. வருந்த வேண்டிய நான் மகிழ்ந்தேன் மகளே. இத்தனை தொலைவிலும் நம் குருதி ஒன்றையே விரும்பி ஒன்றையே வெறுக்கிறது, இது குலவழி வந்தது என்று எண்ணி, உனக்குத் துணையாக நானும் நோன்புபோல அவற்றைத் துறந்தேன். பிரதோஷத்தன்று கையில் விழுந்த தயிர்சாதப் பிரசாதத்தையும் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வீட்டுப் பொன்னியம்மா, இன்னா நைனா, சோறும் வாணாம் மோரும் வாணாம்னா காத்தையா துன்னுகினு கீற, பொண்ணு அங்க பட்டினின்னா நீ இங்க சோடி போட்டுகினியா என்று ஏசினாள். பிறகு ஒருநாள் குழாயடியில் எனக்குத் தலைசுற்றவே, அவளேதான் ஆட்டோவில் ஏற்றி டாக்டர் வசந்தகுமாரியிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் என் சோதனை முடிவுத் தாளைப் படித்துவிட்டு, நிஜமாவே உங்களுக்கு ஒத்துக்காதது ஏதாவது உண்டா ஐயா என்று கேட்டார். பலாச்சுளை தின்றால் எனக்கு உதடு தடித்து மூச்சு முட்டுவதைச் சிறுவயதில் நீயே பார்த்து அழுதிருக்கிறாய். காசிக்குப் போனபோது பழத்தில் அதைத்தான் விட்டுவந்தேன், ஆகாததைக் கொடுத்தே ஆண்டவனை ஏமாற்றிவிட்டீர்கள் என்று உன் அம்மா சிரிப்பாள். அந்தப் பலாவைச் சோதனை தாராளமாக உண்ணலாம் என்கிறது. டாக்டர் சிரித்துவிட்டார். மூச்சை அடைக்கிற பலாவுக்கு நற்சான்று, இத்தனை வருஷம் வளர்த்த அரிசிக்குத் தண்டனையா என்றார். அன்றாடம் உண்பதன் அடையாளம் யாருடைய இரத்தத்திலும் இருக்கும், அது பகையின் அடையாளம் அன்று, இதை நம்பி உணவை விடலாகாது என்றும் விளக்கினார். இருவருக்கும் முடிவு ஒன்றாக வந்தது குருதியால் அன்று, நீ அங்கும் நம் வீட்டுச் சமையலையே சமைப்பதால்தானாம். உண்மை அதுவே. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் எதையோ பறிகொடுத்தவன் போல இருந்தேன். அன்றே சோறு உண்டேன், ஒரு தீங்கும் இல்லை.

உன் வலி பொய்யென்று நான் சொல்லவில்லை. அது மெய்யாதலால்தான் அஞ்சுகிறேன். காரணம் வேறொன்றாக இருக்க, நீ ஒவ்வோர் உணவாகத் துறந்துகொண்டே போனால் உடம்பு என்னாவது? உடம்பு இறைவன் உறையும் கோயில், அதைப் பட்டினியால் இடிக்கலாகாது. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்கென்று உள்ள டாக்டரிடம் காட்டு. ஐயத்துக்குரிய உணவை அவர் கண்பார்வையில் ஒவ்வொன்றாக விட்டு, மீண்டும் உண்டு பார்ப்பதே முறை என்றார் நம் டாக்டர்.

தையில் வந்துவிடு. ஆஸ்பத்திரியில் எதை உண்ணச் சொல்கிறார்களோ அதையே சமைக்கிறேன். ஒன்றுமே கூடாதென்றாலும் வா, இருவருக்கும் வெந்நீர் வைக்கிறேன், எதிரே நீ உட்கார்ந்திருந்தால் போதும்.

நோயற்ற வாழ்வும் குறையாத மங்கலமும் பெற்று இருவரும் நீடு வாழ்க. கோதுமையை முன்பே நிறுத்திவிட்டதை அந்த வயிற்று டாக்டரிடம் மறவாமல் சொல். கோதுமை ஒவ்வாத குடல்நோய் அதை உண்டுவரும்போது சோதித்தால்தான் தெரியுமாம், சொல்லாவிட்டால் அவர் செய்யும் சோதனையும் பிழைபடுமாம்.

உன் வரவை நோக்கியிருக்கும்
அப்பா,
செங்கல்வராயன்