இராகுலன் மாற்றக் கேட்ட வளையம்

பாலையூற்று,
திருகோணமலை.

அன்புள்ள மகள் நிவேதிகாவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரில காய்ச்சல் ஒண்டும் இல்லாமல் இருக்கக் கோணேசர் துணை. நாங்களும் நல்ல சுகம் எண்டு எழுத இந்தமுறை எனக்குக் கை வருகுது இல்லை. போனில கதைக்கேக்க அம்மா பக்கத்தில நிக்கிறா, சொல்ல ஏலாமல் போச்சு. அதுதான் ஒஸ்லோவுக்கு வாற சிவரூபனிட்ட இதைக் குடுத்து விடுறன்.

அம்மா கிணத்தடியில சறுக்கி விழுந்துதான் கை முறிஞ்சது எண்டும், தம்பி இராகுலன் வேலைக்காகக் கொழும்புக்குப் போனான் எண்டும் உனக்குச் சொன்னம். இரண்டும் பொய் பிள்ளை. உப்புக்காத்துக்கு மோட்டார் சைக்கிளின்ட சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திட்டுது. கம்பனிச் சாமான் கிடைக்கேல்லை எண்டு தம்பி வெளிச்சாமான் ஒண்டு வாங்கி வந்து தானே பூட்டினான். எஞ்சினும் பைப்பும் சேருற இடத்தில வாற கஸ்கட் வளையம் நசிஞ்சு போச்சு அப்பா, புதுசு போடுவம் எண்டு கேட்டவன். முப்பது வருசம் துறைமுகத்தில கப்பல் எஞ்சின் பார்த்தவனுக்கு நீ படிப்பிக்கிறியோ, பழையதே காணும் எண்டனான். அவன் பழையதையே பூட்டினான். அண்டையில இருந்து அக்சிலேட்டரை விட்டால் பட்பட் எண்டு வெடிக்கும், சந்தியில நிப்பாட்டினால் எஞ்சின் நிண்டு போகும். தம்பி மூண்டு தரம் பிளக்கைக் கழட்டிப் பார்த்தான், மூண்டு தரமும் கரி. ஏர் பில்டரைத் துடைச்சான், பெற்றோலை மாத்தினான், ஒண்டும் சரிவரேல்லை. நான் கதிரையில இருந்துகொண்டு அவன் வாங்கின சைலன்சரை ஏசினனான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நான் அம்மாவை ஏத்திக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போகேக்க, பெரிய வீதியில திருப்பின இடத்தில எஞ்சின் நிண்டிட்டுது. பின்னால வந்த பஸ் பிரேக் பிடிச்சுது, ஆனால் அம்மா பயத்தில குதிக்கப் போய் விழுந்திட்டா. ஆசுபத்திரிக்கு ஓடி வந்த தம்பியை நான் ஆக்கள் பார்க்க அடிச்சனான். உன்ட சாமானால அவ சாகப் பார்த்தா, இனி என்ட வாசலுக்கு வராதை எண்டனான். பழைய வளையத்தைப் போடச் சொன்னது நீங்கள்தானே எண்டு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. உடுப்பை எடுத்துக்கொண்டு போயிட்டான்.

அடுத்த கிழமை கராச் வைச்சிருக்கிற றுவைஸ் வந்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின உடனே அந்த மூட்டில சவர்க்காரத் தண்ணி ஊத்தினார். நுரை பொங்கிச்சுது. வளையத்தால புகை வெளிய வருது, காத்தும் உள்ள போகுது, பைப்பில இருக்கிற சென்சர் பெற்றோல் காணாது எண்டு நினைச்சு அளவுக்கு மேல விடுது, அதுதான் பிளக் கரிபிடிச்சு எஞ்சின் நிக்குது எண்டார். புது வளையம் போட அரை மணித்தியாலம் செல்லேல்லை. சைலன்சரில பிழை இல்லை, பூட்டினவர் நல்ல வேலைக்காரன் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் வீட்டுக்குப் பின்னால போய் நிண்டு அழுதனான்.

தம்பி வவுனியாவில ஒரு கூட்டாளி வீட்டில நிக்கிறான் எண்டு கேள்விப்பட்டு அதே வண்டியில போனனான். வழியில ஒரு இடத்திலயும் நிக்கேல்லை, அவ்வளவு நல்லா ஓடிச்சுது. நான் வாறது தெரிஞ்சு பின்பக்கத்தால வெளிக்கிட்டிட்டானாம். அவன் வீட்டை விட்டுப் போய் இண்டைக்கு நாற்பத்தொரு நாள், போனும் எடுக்கிறான் இல்லை. அம்மாவுக்கு வளையக் கதை இன்னும் தெரியாது. கைக்கட்டோட இருந்து அவனைத்தான் பிழை சொல்லுறா, நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். இது உன்ட கைக்கு வர முன்னம் அவவுக்குச் சொல்லிப்போட வேணும், வாய் வருதோ தெரியாது.

நீயும் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோட இருக்க வேணும். இரவில கார் ஓடாதை. தம்பி உன்ட போனை எடுத்தால் வீட்ட போ எண்டு சொல்லாதை, மன்னிக்கச் சொல்லியும் கேளாதை. பிழை அப்பாட எண்டு அப்பாவே எழுதினவர் எண்டு மட்டும் சொல்லு.

அன்புடன்,
அப்பா
யோகலிங்கம்