மச்சத்தோடு அச்சடித்த படம்

என் செல்ல மச்சாள் ஷெரினுக்கு,

மாதா கோயிலில் உன் ஒரு மாத நினைவுப் பூசையும் முடிந்துவிட்டது. உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உன்னிடம் கதைக்காமல் யாரிடம் கதைப்பேன்? நான் பள்ளிக்கூடத்தை விட்டபின் என்னைத் தேடிக் கதைத்தது நீ ஒருத்திதானே.

இப்போதும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குத்தான் போகிறேன். அதே அச்சகம். கலியாண அட்டை, இறந்தவர்களின் நினைவு அட்டை. படங்களைக் கணினியில் திருத்துவது என் வேலை. செத்தவர்களின் படத்தையும் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்லித்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன்பே நான் வெள்ளையாக்கிவிடுவேன். வாய் திறக்கத் தேவையில்லை.

உன் நினைவு அட்டைக்கு உன் அம்மா, என் மாமி, உன் போனிலிருந்தே ஒரு படம் கொண்டுவந்தார். பால் நிற முகம், பெரிய கண்கள். உதட்டுக்குக் கீழே, நாடியிலிருந்த மச்சத்தைக் காணோம். அந்தப் படம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நீ பாடிப் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒருவன் உன் நிறத்தைக் கேலிசெய்து "லைட்டப் போடு, ஆளத் தெரியல்ல" என்று எழுதினான். அதற்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர். அதன்பிறகு நீ பாடவில்லை. இந்த மாதிரி, போனில் வெள்ளையாக்கிய படங்கள்தான் போட்டாய். பிறகு கோயிலுக்கு வருவதையும் விட்டாய், படத்தில் இருப்பவள் நேரில் இல்லையே என்று. அது மட்டும்தானா காரணம்? வேறு எதைச் சுமந்தாய்? யாரிடமாவது சொல்லப் பார்த்தாயா?

"இதத்தானே எல்லாரும் வடிவு, அழகு எண்டு எழுதிப் போட்டவங்க. இதையே அடி, பிள்ள" என்றார் மாமி.

இந்த முகத்தோடு உன் அட்டையைக் கோயிலில் கொடுத்தால், அன்று சிரித்தவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா?

"மாமி, இது ஷெரின் இல்ல."

கடையில் என் குரலை நானே அன்றுதான் கேட்டேன். முதலாளியும் திரும்பிப் பார்த்தார். மாமி திரையில் உன் நாடியை விரலால் தடவினார். "அவள்ட மச்சம் எங்க?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். திருநாளன்று தேர் போனபின் ஐஸ்பழம் தின்றோமே, அது. வியர்வை, கலைந்த முடி, சிவந்த நாக்கை நீட்டிக்கொண்டு நீ. "படத்துக்கும் வாய மூட மாட்டாள்" என்றார் மாமி, அழுகையோடு சிரித்து. அதையே அடித்தேன். நிறத்தில் கை வைக்கவில்லை. பூசையில் அதை வாங்கியவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள்.

நீ இல்லாத பஸ் பயணம் நீளமாக இருக்கிறது. சில நாட்கள் எனக்கும் எல்லாம் வெறுத்துப்போகிறது. போனில் சிரித்த முகம் ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தோன்றுகிறது. போன கிழமை அப்படியொரு நாளில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்கு ஏலாமல் இருக்கிறது என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "இனி நேர இங்க வா" என்றார்.

போவேன், ஷெரின். பாரமான நாளில் வாய் திறந்து சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் வாயாடித்தனத்தில் கொஞ்சம் கடன் கேட்கும்,
உன் ஊமை மச்சாள்
டிலானி